பதினேழு வயதில் லீவு வேலை: சம்பளத்துக்கு முன்னால் நேரத்தைக் கேளுங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்தால் எங்கள் ஊர்ப் பையன்கள் முதலில் போய் நிற்பது துணிக்கடை வாசலில்தான். 2018 மே மாதம் எனக்கு 17 வயது, நானும் நின்றேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால், ஷட்டர் இறக்கும்போது இரவு பத்து. “இங்கே எல்லாருக்கும் அதே டைம்தான்” என்றார் சூப்பர்வைசர். அது சட்டப்படி தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

1. வயதுச் சான்றை எடுத்து வையுங்கள்

14 முடிந்து 18 முடியாதவர்களைச் சட்டம் ‘வளரிளம் பருவத்தினர்’ என்கிறது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தம் இவர்களையும் சேர்த்தது. பிறப்புச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

2. தொடக்கூடாத வேலைகளைக் கழித்துவிடுங்கள்

சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், அபாயகரமான தொழில்முறைகள் எல்லாம் 18 வரை தடை. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு யாராவது கூப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம். இதை மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பைக்கில் டெலிவரியும் வேண்டாம். 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டும். அப்பாவின் பைக்கை எடுத்துப் போய் மாட்டினால், 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் அப்பா தலையில்தான் விழும்.

3. நேரக் கணக்கைப் போடுங்கள்

பெரும்பாலான லீவு வேலைகள் அடிபடுவது இங்கேதான். சட்டம் சொல்வது இது: மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேலை வாங்கக்கூடாது. அதற்குள் ஒரு மணி நேர இடைவேளை தரவேண்டும். இடைவேளையும், வேலைக்காகச் சும்மா காத்திருக்கும் நேரமும் சேர்த்து மொத்தமே 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு நாள் முழு லீவு.

காலை 10 முதல் 1 வரை வேலை, 2 மணி வரை சாப்பாடு, அப்புறம் 2 முதல் 4 வரை வேலை. அவ்வளவுதான்; உண்மையில் உழைப்பது 5 மணி நேரம்.

காலையில் ஒரு கடை, சாயங்காலம் இன்னொன்று என்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் பார்க்கவும் முடியாது. நம் பசங்களுக்குப் பிடித்த கேட்டரிங் பரிமாறும் வேலையும் இதில் அடிபட்டுப் போகிறது. ரிசப்ஷன் பந்தி சூடு பிடிப்பதே ஏழு மணிக்கு மேல். முகூர்த்த டிபனுக்கு விடியுமுன் நிற்க வேண்டும்.

4. மிச்சமிருப்பதில் தேடுங்கள்

என் முதல் சிபாரிசு ஸ்டேஷனரி கடை. பள்ளி திறக்கும் ஜூன் சமயத்தில் நோட்டுக்கு அட்டை போடக்கூட ஆள் தேடுவார்கள். ஜெராக்ஸ் கடை, பேக்கரி கவுன்டர், பில் போடும் வேலை, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் இவையும் சரிதான். துணிக்கடைதான் வேண்டுமென்றால் பகல் ஷிப்ட் மட்டும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

5. கையெழுத்துப் போடும் முன்

மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கினால் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லித்தான் ‘சுமங்கலித் திட்டம்’ எத்தனையோ பெண்களை நூற்பாலைகளுக்குள் இழுத்தது. பேச்சு அந்த மாதிரி ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 18 ஆகாதவர் போட்ட பாண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது; “பாண்டு இருக்கிறது, போக முடியாது” என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். சம்பளம் மாதாமாதம், முடிந்தால் உங்கள் வங்கிக் கணக்கிலேயே வரட்டும். எத்தனை மணிக்குப் போனீர்கள், வந்தீர்கள் என்பதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

6. மீறினால்

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், காசு ஆகாது. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். தண்டனை வேலை வாங்கியவருக்குத்தான், வேலை பார்த்த உங்களுக்கு இல்லை. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.