குளிர் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி மாற்றும் முன் இதைப் பாருங்கள்

போன குளிர்காலம் முழுக்க என் பெட்ரோல் கார் காலையில் பாடாய்ப் படுத்தியது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) முக்கி முக்கிச் சுற்றும். நாலாவது, ஐந்தாவது தடவைதான் இன்ஜின் பிடிக்கும். மதியம் அதே வண்டி ஒரே திருப்பில் கிளம்பிவிடும். பேட்டரி போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் மறுபடியும் அதே முக்கல். அந்த ஒரு வாரம் குளிர் குறைந்திருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு பேட்டரியில் இல்லை. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒரு சாண் எர்த் ஒயரில் இருந்தது.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், கம்பி பிரஷ், ஸ்பேனர், சாவியைத் திருப்ப ஓர் ஆள். மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். செல்ஃப் சுற்றும் நாலு விநாடியில் ஓடும் எண்ணைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். பேட்டரி முனைகளை ஒயரால் உரசிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

1. முதலில் காதைக் கொடுங்கள்

செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலோ, வெறும் ‘டிக்’ சத்தம் வந்தாலோ மின்சாரப் பக்கம் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் நேராக 5-க்குப் போய்விடுங்கள்.

2. பேட்டரி ஓய்வில் இருக்கும்போது

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் அளக்கவும். ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அப்படியானால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மேலே தொடருங்கள். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். அதே நேரம் இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி, சுற்ற அதிக பலம் கேட்கும். கோடையில் தெரியாத குறை குளிரில் வெளியே வருவது இதனால்தான்.

3. செல்ஃப் சுற்றும்போது

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு இருக்கட்டும். பரிசோதனையின்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிடுவது நல்லது. இனி பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். பொதுவாக 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுங்குளிரில் கொஞ்சம் இறங்கலாம். ரொம்பவே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

என் வண்டியில் 10.9-க்குக் கீழே இறங்கவே இல்லை, ஆனால் செல்ஃப் முக்கியது. பேட்டரி தெம்பாக இருக்கிறது, செல்ஃபுக்கு மட்டும் பலம் போய்ச் சேரவில்லை. அப்படியானால் வழியில் எங்கோ அடைப்பு என்றுதானே அர்த்தம்?

4. வழியில் எவ்வளவு போகிறது? (நான் சிக்கிய இடம்)

நான் முதலில் செய்தது தப்பு. வண்டி நிற்கும்போது எர்த் ஒயரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். 0.2 ஓம் காட்டியது. ஒயர் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே அந்த அளவு மின்தடை உண்டு. செல்ஃப் சுற்றும்போது 150, 200 ஆம்பியர் ஓடும். 200 ஆம்பியருக்கு வெறும் 0.01 ஓம் இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அது தெரியவே தெரியாது. மின்சாரம் ஓடும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும்.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே அழுத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால், குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தெரியாது. சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் படட்டும். இப்போது சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு.

எனக்கு 1.4 வந்தது. அப்புறம் துண்டு துண்டாக அளந்தேன்: குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து இன்ஜின். கடைசித் துண்டில் மட்டும் 1.2. போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு. பின்னல் ஒயரும் பாதி அறுந்திருந்தது. போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்துப் புது ஒயர் போட்டேன். மொத்த இழப்பு 0.2 சுற்றுவட்டாரத்துக்கு இறங்கியது. மறுநாள் காலை முதல் திருப்பிலேயே கிளம்பியது. மதியத்தில் முன்பும் தொல்லை வராததற்குக் காரணம், ஆயில் இளகியதும் செல்ஃப் கேட்கும் ஆம்பியர் குறைந்துவிடும். அதே தடையில் இழப்பும் குறையும்.

பாசிட்டிவ் பக்கத்தையும் இதே போல, பேட்டரியிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை அளக்கலாம். எதைக் கழற்றினாலும் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

5. வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்

சாவியை ஆன் செய்து மூன்று விநாடி காத்திருந்து அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்த பிறகு உடனே கிளம்பினால், இரவில் எரிபொருள் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சார். இதற்கு ஒரு சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியில் செருகி அதன் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் படிக்கும் கருவி) போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 80 டிகிரி காட்டினால், இன்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஸ்பார்க் பிளக்கையும், ஆயில் கிரேடு வண்டியின் கையேட்டில் சொன்னதுதானா என்பதையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரிசெய்தும் காலையில் 12 வோல்ட்டுக்குக் கீழே இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். வண்டி பூட்டியிருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கலாம். நெகட்டிவ் ஒயரோடு ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்து, எல்லாம் உறங்க அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடலாம். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிக்காதீர்கள், மீட்டர் எரிந்துவிடும்.

இன்னொரு சேர்க்கை: டீசல் வண்டிக்காரர்கள் 5-க்குப் பதில் ஹீட்டர் பிளக்குகளை (குளிரில் கிளம்ப இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்குகள்) பாருங்கள். ஒயரைக் கழற்றி அளந்தால் பெரும்பாலும் ஓரிரு ஓம்தான் இருக்கும். எண்ணே வராவிட்டால் அந்தப் பிளக் எரிந்துபோயிருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்க வேண்டாம். சூடான முனையில் பட்டு நேரம் தவறி வெடித்து இன்ஜினையே உடைத்துவிடும்.