தார்ப்பாய் முகட்டுக் கயிறு: இறுக்கி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, நான்கு மூலைகளையும் முளையடித்து இழுத்துவிட்டால் கேம்ப்பிங்குக்குக் கூரை தயார். நடுவில் ஓடும் அந்தக் கயிறுதான் ரிட்ஜ்லைன், அதாவது முகட்டுக் கயிறு. அது தொய்ந்தால் தார்ப்பாயில் குழி விழும், குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீரின் கனத்தில் கயிறு இன்னும் இறங்கும். இதற்கு மோசமான இறுக்கிதான், அதாவது கயிற்றை இழுத்துக் கவ்விப் பிடிக்கும் சிறு கருவிதான் காரணம் என்று பலரும் அடுத்தமுறை விலை கூடிய ஒன்றை வாங்குவார்கள். அதுவும் நழுவும். பெரும்பாலான நேரம் குறை இறுக்கியில் இருப்பதில்லை. கயிறு ஒரு பக்கம், இறுக்கி ஒரு பக்கம் எனத் தனித்தனியாக வாங்கியதில்தான் இருக்கிறது.

முதல் தவறு அதுதான்: கயிற்றை முடிவுசெய்யாமல் இறுக்கியை வாங்குவது. ஒவ்வொரு இறுக்கியும் குறிப்பிட்ட தடிமன் உள்ள கயிற்றை மட்டுமே கவ்வும். நைட் ஐஸ் நிறுவனத்தின் ஃபிகர் 9 போன்ற கொக்கியில் கயிறு சுற்றிவந்து ஒரு ‘வி’ வடிவப் பள்ளத்தில் இறுகி நிற்கிறது. கயிறு மெலிதாக இருந்தால் பள்ளத்தின் அடிவரை இறங்கி, பற்களில் படாமல் வழுக்கும். தடிமனாக இருந்தால் பள்ளத்தின் வாயிலேயே உட்கார்ந்து, காற்று ஒரு உலுக்கு உலுக்கியதும் வெளியே துள்ளிவிடும். கேம் வகை இறுக்கியிலும் இதே கதைதான். பல் வைத்த உருளை எவ்வளவு திரும்ப முடியுமோ அந்த அளவுக்குள் கயிறு இருக்க வேண்டும். லைன்லாக் எனப்படும் சின்ன பிளாஸ்டிக் இறுக்கிகள் பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. கயிற்றுக்கானவை. அவை மூலைக் கயிறுகளுக்கு அருமையானவை, முகட்டுக் கயிற்றுக்கு அல்ல.

தடிமனுக்கு அடுத்தது பின்னல். ஹார்டுவேர் கடையில் சுருளாகத் தொங்கும் பச்சை, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு மூன்று புரி முறுக்கியது. அதன் மேடுபள்ளத்தில் கேமின் பற்கள் ஒரு புரியை மட்டும் பிடிக்கும், மற்ற இரண்டும் நகரும். கயிறு விறைப்பாக இருப்பதால் முடிச்சும் சரியாகப் படியாது. வெயிலில் சில மாதம் கிடந்தால் மேல் இழைகள் தூள்தூளாக உதிரத் தொடங்கும். தார்ப்பாய் மூட்டை கட்ட அது போதும். இறுக்கிக்குள் விடவேண்டிய கயிறு பின்னல் உறை போட்டதாகவே இருக்கட்டும்.

எந்த இழை என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பாராகார்டு (பாராசூட் கயிறு) 550 என்றால் 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்கும். பலத்தில் குறையே இல்லை. ஆனால் அது நைலான். சுமை ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் இளகும். மாலையில் விண்ணென்று கட்டிய கயிறு இரவு மழைக்குப் பின் கையகலம் இறங்கி நிற்பதற்கு இறுக்கியைக் குறைசொல்லிப் பயனில்லை. இறுக்கி பிடித்த இடத்தில் பிடித்தபடிதான் இருக்கும், நீண்டது கயிறு. பாலியஸ்டர் பின்னல் கயிறு நைலானைவிட மிகக் குறைவாக நீளும், தண்ணீரையும் அவ்வளவாகக் குடிக்காது. டைனீமா எனப்படும் இழை நீளவே நீளாது என்று சொல்லுமளவுக்கு உறுதியானது. 1.75 மி.மீ. தடிமனிலேயே ஒரு தார்ப்பாய்க்குத் தேவையானதைவிடப் பலமடங்கு தாங்கும்.

டைனீமாவில் வேறொரு சிக்கல் உண்டு. அது சோப்பு தடவியதுபோல் வழுக்கும். உறை இல்லாத டைனீமாவைச் சாதாரண கேமில் விட்டால் மெல்ல மெல்ல ஊர்ந்துவிடும். வழக்கமான முடிச்சுகளும் அவிழும். சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகக்கூடியது என்பதால், இறுகிய கயிற்றின்மேல் இன்னொரு கயிறு வேகமாக உரசி ஓடினால் அந்த இடம் பொசுங்கும். மெல்லிய டைனீமாதான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்யப்பட்ட, கயிற்றைப் பலமுறை சுற்றிக்கட்டும் சிறு டைட்டேனியக் கொக்கிகளை வாங்குங்கள். நீளும் கயிறும் வேண்டாம், வழுக்கும் கயிறும் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி, உள்ளே டைனீமா, வெளியே பாலியஸ்டர் உறை போட்ட 2.5 அல்லது 3 மி.மீ. கயிறு. முதுகுப்பையில் சுமந்து நடக்காமல் வண்டியில் போகிறவர்களுக்கு 4 மி.மீ. பாலியஸ்டரே போதும், விலையும் குறைவு.

கயிறும் இறுக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மாடிக் கம்பியிலோ கனமான கொக்கியிலோ இறுக்கியை மாட்டி, அதன்வழியே கயிற்றை விட்டு, கீழ்முனையில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். அது கிட்டத்தட்ட 20 கிலோ. கேன் தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் உயரக்கூடாது, நழுவினால் உடைந்துவிடும். இறுக்கியை ஒட்டிக் கயிற்றில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கயிற்றை நன்றாக நனைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் கோடு இறுக்கியை விட்டு 1 செ.மீ.க்குமேல் விலகியிருந்தால் அந்த ஜோடி ஒத்துவராது. கோடு அசையாமல் கேன் மட்டும் தரையைத் தொட்டிருந்தால் இறுக்கி சரி, கயிறுதான் நீள்கிறது.

அடுத்த தவறு, வீணைத் தந்தி மாதிரி இறுக்க நினைப்பது. கயிறு நேர்கோடாக ஆக ஆக, அதில் ஏறும் இழுவிசை எகிறும். மரங்களுக்கு இடையே 5 மீட்டர் என்று வையுங்கள். நடுவில் 4 கிலோ தொங்குகிறது: நனைந்த தார்ப்பாயின் கனமும் ஒரு விளக்கும். நடுவில் 25 செ.மீ. தொய்வு இருந்தால் கயிற்றில் சுமார் 20 கிலோ இழுவிசை. அதே 4 கிலோவை வைத்துக்கொண்டு தொய்வை 5 செ.மீ.யாகக் குறைக்க நினைத்தால் 100 கிலோ. கனம் ஒரே புள்ளியில் இல்லாமல் கயிறு முழுக்கப் பரவியிருந்தால் இதில் பாதி வரும். அப்போதும் கூடும் விகிதம் அதேதான். ஃபிகர் 9 கொக்கியில் சிறியதன் சுமை வரம்பு சுமார் 23 கிலோ, பெரியது 68 கிலோ. கணக்கைப் பார்த்தாலே தெரியும், சிறியது முகட்டுக் கயிற்றுக்கு வாங்கக்கூடாத பொருள்.

இதெல்லாம் காற்று இல்லாதபோது. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ அழுத்தம் தரும். 3க்கு 3 மீட்டர் தார்ப்பாய் முழுமுகமாக எதிர்த்து நின்றால் 55 கிலோ. சாய்த்துக் கட்டினால் குறையும், மூலைக் கயிறுகளும் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனாலும் ஏற்கெனவே விறைத்துநிற்கும் கயிற்றில் இதுவும் சேர்கிறது. தாராளமாக ஒரு சாண் தொய்வு விடுங்கள். தார்ப்பாயின் விறைப்பு முகட்டுக் கயிற்றிலிருந்து வருவதில்லை, தார்ப்பாயின் இரு முனைகளையும் கயிற்றின்மேல் எதிரெதிராக இழுத்து நிறுத்துவதில்தான் வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டைக் கொண்டுவந்து முறுக்குகிறார்கள். அதன் வலுவுக்கு முன்னால் முதலில் கிழிவது தார்ப்பாயின் ஐலெட், அதாவது விளிம்பில் வளையம் பதித்த துளை.

அந்த எதிரெதிர் இழுப்புக்கு விலைகொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு புரூசிக் வளையங்கள் போதும். மெல்லிய கயிற்றில் 50 செ.மீ. வெட்டி, முனைகளை இரட்டை மீனவர் முடிச்சால் இணைத்து வளையமாக்கி, முகட்டுக் கயிற்றின்மேல் மூன்று சுற்று போட்டு, தார்ப்பாயின் முனையை அதில் மாட்டினால், சுமையில்லாதபோது கையால் நகரும், சுமை ஏறியதும் கவ்வி நிற்கும். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: முகட்டுக் கயிற்றையே வெட்டி வளையம் செய்வது. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் கவ்வல் பலவீனம். 4 மி.மீ. கயிற்றுக்கு 2.5 அல்லது 3 மி.மீ. வளையம் வேண்டும். மெல்லிய டைனீமாவின்மேல் புரூசிக் நழுவினால் சுற்றுகளை நான்கு அல்லது ஐந்தாகக் கூட்டுங்கள்.

இரு முனையிலும் இறுக்கி வைப்பது வெறும் செலவு. ஒரு முனையில் கண்ணி போட்டு, மரத்தைச் சுற்றிவந்து ஒரு கொக்கியிலோ கேரபினரிலோ (வாய்க்கம்பி திறந்து மூடும் உலோக வளையம்) மாட்டிவிட்டால் அது நிலைமுனை. மறுமுனையில் மட்டும் இறுக்கி. அது நெஞ்சுயரத்தில், மரத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். தார்ப்பாய்க்கு மேலேயோ அதை உரசும் இடத்திலோ வந்தால் காற்றில் அடித்து அடித்துத் துணியை ஓட்டையாக்கும். சாவிக்கொத்து கேரபினர்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். வாய்க்கம்பி விரிந்து கயிறு வெளியே வந்துவிடும். முகட்டுக் கயிற்றில் பஞ்சி எனப்படும் ரப்பர் கயிறும் வேண்டாம். மூலைக் கயிறுகளில் காற்றின் உதறலை அது வாங்கிக்கொள்ளும், முகட்டில் போட்டாலோ கூரையே ஊஞ்சலாடும்.

10க்கு 10 அடி தார்ப்பாய்க்கு வேண்டியது இவ்வளவுதான்: 12 மீட்டர் கயிறு, இறுக்கி ஒன்று, நல்ல கேரபினர் ஒன்று, புரூசிக் வளையம் இரண்டு, மரத்தைச் சுற்ற 2.5 செ.மீ. அகலப் பட்டை இரண்டு. பட்டையை விட்டுவிடுபவர்கள் அதிகம். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுக்கும். யூகலிப்டஸ் போல மேல்தோல் உரியும் மரத்தில் தோலோடு சேர்ந்து கயிறும் கீழே வழுக்கிவரும். (யூகலிப்டஸ் சொல்லாமல் கிளை உதிர்க்கும் மரம், அதனடியில் படுக்காமல் இருப்பதே நல்லது.) கூடவே 15 செ.மீ. நூல்துண்டு இரண்டு. கயிறு தார்ப்பாய்க்கு அடியில் ஓடினால், மரத்தில் வழியும் தண்ணீர் கயிற்றோடு உள்ளே வரும். தார்ப்பாய் விளிம்புக்குச் சற்று வெளியே நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

எல்லாத் தார்ப்பாய்க்கும் முழுநீள முகட்டுக் கயிறு தேவையில்லை. கடைகளில் கிடைக்கும் நீலத் தார்ப்பாயை ஐலெட்டை மட்டும் நம்பி இழுக்க முடியாது, அடியில் கயிறு ஓடித் தாங்க வேண்டும். முகட்டில் வலுவான தையல் வளையம் வைத்த சில்நைலான், சில்பாலி (சிலிக்கோன் பூசிய நைலான், பாலியஸ்டர் துணி) வகைகளில் இரு முனைக்கும் தனித்தனிக் கயிறு போதும். விளிம்பு வளைவாக வெட்டப்பட்டவற்றுக்கு அதுவே பொருத்தம். அப்போது இழுவிசை முழுவதும் துணி வழியாகப் போவதால் இறுக்கியை அளவோடு திருகுங்கள். சில்நைலான் துணியே நனைந்தால் தொய்யும். எனவே படுக்கும்முன் ஒருமுறை இறுக்கியாக வேண்டும், எந்த இறுக்கி வாங்கியிருந்தாலும் சரி.

இறுக்கி தொலைந்தாலோ உடைந்தாலோ டிரக்கர்ஸ் ஹிட்ச் கைகொடுக்கும்: கயிற்றின் நடுவில் உருவாஞ்சுருக்கு ஒன்று போட்டு, மரத்தைச் சுற்றிவந்த முனையை அதற்குள் விட்டுத் திருப்பி இழுத்து, இரண்டு அரைமுடிச்சு. கணக்குப்படி மூன்று மடங்கு வலு கிடைக்க வேண்டும். உராய்வில் பெரும்பகுதி போய்விடும் என்றாலும் கூரைக்கு அது தாராளம். கயிறு கயிற்றின்மேல் உரசித் தேயாமல் இருக்க, சுருக்குக்குள் கேரபினரை மாட்டி அதன்வழியே இழுங்கள்.

இறுக்கி நன்றாகக் கவ்வினாலும் மிஞ்சிய முனையை அரைமுடிச்சு போட்டுப் பூட்டிவிடுங்கள், குறிப்பாகக் கேம் வகையில். கேமின் பற்களுக்கிடையே சேறும் மணலும் ஏறினால் பிடிமானம் போய்விடும்; ஊர் திரும்பியதும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் காயவிட்டு எடுத்துவையுங்கள். எண்ணெய் விடக்கூடாது. எண்ணெய் கயிற்றுக்கு ஏறி அடுத்தமுறை அதுவே வழுக்கும்.