இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவருக்கு: யாரோ ஒருவரின் உயில் உங்கள் தலையில் விழுந்தால்

வாடகை வீடு பிடிப்பது, ஜி.பி.யிடம் பதிவது, கவுன்சில் டாக்ஸ் கட்டுவது எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் உண்டு. இந்த விஷயத்துக்கு மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டோம். இங்கே நாற்பது வருஷமாக இருக்கும் ஒரு பெரியவர் சாப்பிடக் கூப்பிட்டு, "நீ படிச்சவன், உன்னை எக்ஸிகியூட்டரா உயில்ல போட்டிருக்கேன்ப்பா" என்பார். ஏதோ மரியாதை கிடைத்த மாதிரித் தலையாட்டிவிட்டு வருவோம். எனக்கு மாமா முறையாகும் ஒருவரிடம் நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

அது சொத்து இல்லை, வேலை. இறந்தவரின் சொத்தைத் திரட்டி, கடனை அடைத்து, மீதியை உயில்படி பிரித்துக் கொடுப்பது எக்ஸிகியூட்டரின் பொறுப்பு. கடன் இருப்பதைக் கவனிக்காமல் பங்கு பிரித்துவிட்டால், பிறகு வந்து நிற்கும் கடன் கொடுத்தவருக்கு உங்கள் கைப்பணத்திலிருந்து கொடுக்க நேரலாம். வேண்டாம் என்று நினைத்தால், அவருடைய பணத்திலும் பொருளிலும் கை வைப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்து விலகிவிடுங்கள். வேலையைத் தொடங்கிய பிறகு விலகுவது லேசில்லை. (இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்து நடைமுறை வேறு.)

இறப்பைப் பதியும்போதே 'டெல் அஸ் ஒன்ஸ்' சேவைக்கான எண்ணைப் பதிவாளர் தருவார். ஓய்வூதியம், வரி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற அரசுத் துறைகளுக்கு ஒரே தடவையில் தகவல் போய்விடும். வங்கிக்கும் கிரெடிட் கார்டுக்கும் அது போகாது, அவற்றுக்குத் தனியாக எழுத வேண்டும். பல வங்கிகளுக்கு ஒன்றாகச் சொல்ல 'டெத் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ்' என்று இலவச வசதி ஒன்று இருக்கிறது. இறப்புச் சான்றில் நாலைந்து நகல் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இதெல்லாம் தெரிந்த கடன்களுக்கு. தெரியாத கடன்களுக்குத்தான் 1925ஆம் ஆண்டு டிரஸ்டி சட்டத்தின் 27ஆம் பிரிவு. லண்டன் கெசட் என்ற அரசிதழில் ஓர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இறந்தவருக்கு வீடு, நிலம் இருந்தால் அந்த வட்டாரத்தில் விற்கும் செய்தித்தாளிலும் கொடுக்க வேண்டும். கடன்காரர்கள் வந்து சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகு பங்கு பிரித்தால், புதிதாக ஒரு கடன்காரர் வந்தாலும் உங்கள் கைப்பணத்துக்கு ஆபத்தில்லை. அவர் பங்கு வாங்கியவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கடனை இந்த அறிவிப்பு மறைக்காது. மேசை டிராயரில் பில் கிடந்ததென்றால் அது தெரிந்த கடன்தான்.

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு, பெயர். மாமாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. வங்கியில் இனிஷியல் முன்னால் வந்தது, வேலை பார்த்த இடத்தில் பாதிப் பெயர், மின்சார பில்லில் வேறு எழுத்துக்கூட்டு. கெசட் அறிவிப்பில் இத்தனை வடிவத்தையும் சேர்த்துப் போட்டால்தான் படிப்பவருக்கு ஆள் யாரென்று புரியும். இறந்தவர் திவாலானவரா என்று பதிவேட்டில் தேடும்போதும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். பங்கு வாங்குபவர் திவாலானவரா என்றும் பார்த்துவிடுங்கள். திவாலானவர் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டாலும் பொறுப்பு உங்கள் மேல்தான் வரும்.

அப்புறம் ஊர்க் கடன். மஞ்சக்குப்பத்தில் புரோநோட்டில் கொடுத்தவர் லண்டன் கெசட் படிப்பாரா என்ன? கடலூர், புதுச்சேரிக்கு வரும் தினத்தந்தியிலோ தினமலரிலோ ஒரு சிறு விளம்பரம் கொடுத்தோம். சட்டம் அதைக் கேட்கவில்லை, என் மனசு கேட்டது. கூட்டுறவு வங்கி நகைக்கடன், சீட்டு பாக்கி, கைமாற்று என்று ஊரில் இருப்பவர்களிடம் விசாரிக்கவும் செய்தோம். ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று வருஷம். அது முடிவதற்குள் "கொடுத்துவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதினால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம் ஓடத் தொடங்கும். பிள்ளைகள் துக்கத்திலும் மானத்துக்கு அஞ்சியும் இப்படி எழுதிவிடுகிறார்கள். வக்கீலைக் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள்.

என்னை ஆறு மாதம் அலைய வைத்தது கடன் இல்லை, ஒரு சாவுத் தேதி. மாமா தன் அக்காவுக்கு ஒரு பங்கு எழுதியிருந்தார். எனக்குப் பெரியம்மா முறை. நெல்லிக்குப்பத்தில் வாழ்ந்தவர். இரு குடும்பத்துக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. போன் போட்டால் "அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களே" என்றார்கள். எப்போது? ஒருவர் தை என்றார், ஒருவர் பங்குனி என்றார். மாமா இறந்தது மாசியில். பெரியம்மா தையில் போயிருந்தால் அந்தப் பங்கு செல்லாது, உயிலின் மீதிச் சொத்தோடு சேர்ந்து மாமாவின் பிள்ளைகளுக்குப் போகும். பங்குனி என்றால் பங்கு பெரியம்மாவுக்குச் சேர்ந்து, அவர் வழியாக அவருடைய மகன்களுக்குப் போகும். பங்குனி என்று சாதித்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு மாதத்துத் திதியும் காரியமும் குழம்பினால் யாருக்கும் மாதம் மாறும்.

நெல்லிக்குப்பம் நகராட்சியில் தேடினோம், பதிவு இல்லை. கடலூரில் தேடினோம், இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டம்மா ஒருவர், "அவங்களை ஜிப்மருக்குல்ல கொண்டு போனாங்க" என்றார். இறப்பை, இறந்தவர் குடியிருந்த ஊரில் பதிவதில்லை, உயிர் போன இடத்தில்தான் பதிவார்கள். கடலூர்க்காரர் ஜிப்மர் மருத்துவமனையில் இறந்தால் பதிவு புதுச்சேரியில், உழவர்கரை நகராட்சியில் இருக்கும். மாநிலமே மாறிவிடுகிறது. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்து மருத்துவக் கல்லூரியில் இறந்தவருக்கும் புதுச்சேரிப் பக்கம்தான் தேட வேண்டும். எங்கே தேடுவது என்று கேட்பதற்கு முன்னால், கடைசி மூச்சு எங்கே என்று கேளுங்கள்.

கிராமமாக இருந்தால் தமிழ்நாட்டில் வி.ஏ.ஓ. தான் பதிவாளர். பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். பதிவேட்டில் தேடித் தரச் சொல்லும் உரிமையை 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் எல்லோருக்கும் தருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவென்றால் பிரெஞ்சில் இருக்கும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இறந்தவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் பிரெஞ்சு அரசின் பதிவிலும் தேட வேண்டும்.

தேடியும் கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். 'பதிவு இல்லை' என்றே ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். அது காகிதம், அதற்கு மதிப்பு உண்டு. பதியாமல் ஓராண்டு கடந்த இறப்பை மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அலுவலரின் ஆணையோடு இப்போதும் பதியலாம். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாவிட்டால், தேடிய விவரத்தை வைத்து இங்குள்ள நீதிமன்றத்தில் 'பெஞ்சமின் ஆணை' கேட்கலாம். அவர் முன்பே இறந்ததாகக் கொண்டு பங்கு பிரிக்க நீதிமன்றம் அனுமதிக்கும். காணாமல் போன பங்குதாரருக்கென்று காப்பீடும் இருக்கிறது, சிறிய தொகைக்கு அதுவே மலிவு.

இதற்கெல்லாம் முதலில் கேட்பது உங்கள் தேடல் கணக்கை. ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எந்த அலுவலகம், எந்தப் பெயர் வடிவம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன பதில், ரசீது எண். போனில் பேசியதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். திரும்பி வந்த கடித உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சாட்சிதான். இந்தியச் சான்றை இங்கே காட்ட, அது உண்மையான அரசு ஆவணம் என்று உறுதி சொல்லும் அப்போஸ்டில் முத்திரை கேட்கலாம். இந்திய வெளியுறவு அமைச்சகம் அதைத் தருகிறது. ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், ஒரு மாதம் வீணாகும்.

பங்கு கேட்டு நச்சரிப்பவர்களுக்கு ஒரு பதில் கைவசம் வையுங்கள். ஓராண்டுக்குள் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எக்ஸிகியூட்டரைக் கட்டாயப்படுத்துவதில்லை. குடும்பத்தில் யாராவது உயிலில் தனக்குப் போதிய வகை செய்யவில்லை என்று வழக்குப் போட, புரொபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் எக்ஸிகியூட்டருக்குத் தரும் அதிகாரம்) கிடைத்ததிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது. அதுவரையாவது காத்திருப்பது நல்லது.

உழவர்கரையில் கிடைத்த சான்றில் தேதி தை மாதத்துக்குள் விழுந்தது. பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. இருவரும் ஒருவரே என்று பெரியம்மாவின் மூத்த மகனே உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு வர வேண்டிய பங்கு வராது என்று தெரிந்தும் போட்டார்.