லேபர் வார்டில் ஒரு சிஸ்டரைத் தனி நைட் டூட்டிக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

பிரசவம் பார்க்கத் தெரியுமா என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள். அது உண்மையும்கூட. வார்டு இன்சார்ஜாக நான் பார்ப்பது வேறு: இரண்டு அவசரம் ஒன்றாக வந்தால் எதை முதலில் கவனிக்கிறார், எப்போது ஆளைக் கூப்பிடுகிறார்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லி ரத்தம் போனாலே ஆபத்து என்பது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் துணியில் ஊறிய ரத்தம் 500-ஆ, 1000-ஆ என்று சொல்வது கடினம். சிவப்புச் சாயத் தண்ணீரை அளந்து பேடிலும் ட்ரேயிலும் ஊற்றி வைத்து, அளவைச் சொல்லச் சொல்லுங்கள். அதிகமாக ஊற்றினால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். உடனே பேடை எடை போட்டுக் காட்டுங்கள். காய்ந்த பேடைவிட எத்தனை கிராம் கூடுதலோ, ஏறக்குறைய அத்தனை மில்லி.

அப்புறம் டிரில், அதாவது அவசர நிலைக்கான ஒத்திகை. ஷிப்ட் மாறும் நேரமே போதும். "கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில், பக்கத்து பெட்டில் ஃபிட்ஸ் என்று சேர்த்துவிடுங்கள். உடனே உதவிக்குக் குரல் கொடுத்தாரா? கர்ப்பப்பையைத் தேய்ப்பதை விடாமல், மற்றவர்களைப் பெயர் சொல்லி வேலை ஏவினாரா? ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட்டைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது நினைவிருந்ததா? டாக்டருக்கு போனில் "ப்ளீடிங் அதிகம்" என்று நிறுத்தினாரா, பல்ஸ், பிபி, போன ரத்தம், கொடுத்த மருந்து எல்லாம் சொன்னாரா? முடிந்ததும் முதலில் அவரையே பேச விடுங்கள். அட்டெண்டர்கள் முன்னால் திட்டவே கூடாது.

மார்க் போடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: பார்த்திருக்கிறார், நான் பக்கத்தில் நின்றால் செய்வார், தனியாகச் செய்வார், சொல்லித் தருவார். பிரசவத்தில் கைதேர்ந்தவர் ஃபிட்ஸுக்குப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட்டில் தடுமாறலாம். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு, சிறுநீர் மூன்றையும் பார்த்து, அந்த மருந்து அதிகமானால் முறிக்கும் கால்சியம் குளுகோனேட்டைக் கையருகே வைக்க அவருக்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். சராசரி எடுத்தால் அந்தக் குறை மறைந்துபோகும்.

எல்லாம் தெரிந்தும் டாக்டரை எழுப்பத் தயங்குகிறவர் உண்டு. அவருக்குப் பாடம் எடுத்துப் பயனில்லை. தேவையில்லாமல் கூப்பிட்டாலும் "நல்லது செய்தாய்மா" என்று சொல்லுங்கள், டாக்டரையும் அப்படிச் சொல்லச் சொல்லுங்கள். நீண்ட லீவிலிருந்து திரும்புகிறவரை ஒரு படி இறக்கி, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே தனியாக விடுங்கள்.