ஹால் நடுவில் தொலைந்த பேஸ்

பெரிய ஹாலுக்கென்றே டவர் ஸ்பீக்கர் வாங்கியும், சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் என்னும் கனத்த தாழ்ஒலி மெலிந்தே கேட்டது. ஒயரை மாற்றினேன், பிளஸ்-மைனஸ் சரிபார்த்தேன், இன்னும் பெரிய வூஃபர் (பேஸ் தரும் பகுதி) உள்ள ஜோடியை இரவல் வாங்கியும் பார்த்தேன். அதே கதைதான். ஆனால் பின்சுவரை ஒட்டி நின்றால் மட்டும் பேஸ் திமுதிமுவென்று வந்தது!

அப்புறம் டெஸ்ட் டோனை (ஒரே அதிர்வெண் கொண்ட சோதனை ஒலியை) அதிர்வெண் மாற்றி மாற்றி ஓட்டினேன். 73 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் சோபாவில் ஒலி கிட்டத்தட்ட காணாமல் போனது. ஹாலின் நீளம் 7 மீட்டர். சோபா சரியாக நடுவில். அந்த நீளத்துக்கு எதிரெதிர் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பி உருவாகும் நிலை அலைகளில் (இடம் நகராத அலைகளில்) 24.5, 73.5 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் அழுத்தக் கணு (காற்றழுத்தம் ஏறி இறங்காததால் ஒலி கேட்காத இடம்) நட்டநடுவில்தான் விழும். எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் அப்படித்தான்.

சோபாவை முக்கால் மீட்டர் பின்னே தள்ளினேன். பேஸ் கிட்டார் தெளிவாக எழுந்து வந்தது, அப்பாடா. இரவல் ஜோடியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.