ஒயின் சுவைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜனவரி முதல் மார்ச் வரை நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடை. ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் நடப்பது இங்கே கோடை தொடங்குவதற்குள் முடிந்துவிடும். அந்த மாதங்களின் சனி, ஞாயிறுகளில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வரும் கூட்டம் கங்காபூர் அணைப் பக்கத்துத் தோட்டங்களை நிரப்பிவிடும். சுவைக்கும் மேசையில் ஐந்தாறு வகை ஒயின்கள், வகைக்கு ஒரு வாய், இரண்டு வாய் என்று வரிசையாக ஊற்றுவார்கள். புதிதாக வருபவர்களில் பலர் இரண்டாவது கோப்பையிலேயே கோட்டை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் நாக்கில் குறையொன்றும் இல்லை. அவசரம்தான் காரணம்.

கோப்பை கைக்கு வந்ததும் வாயில் கவிழ்ப்பதுதான் முதல் தவறு. நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்த நாளில் ரசம் எப்படி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கோப்பையின் தண்டைப் பிடித்து மெதுவாகச் சுழற்றி, இரண்டு மூன்று முறை சின்னதாக முகர்ந்து பாருங்கள். நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துவிடும். அத்தர் பூசிக்கொண்டோ, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டோ வந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து நாற்காலிக்காரருக்கும் பணம் வீண்.

கண்ணையும் அதிகம் நம்பக்கூடாது. பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. மணமற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே அதற்கும் எழுதிக்கொடுத்தார்கள். படித்தவர்கள் பாடே இது. கோப்பையின் உட்சுவரில் வழியும் கோடுகளைக் காட்டி ‘உசத்தியான சரக்கு’ என்று தலையாட்டுபவர்களும் உண்டு. அந்தக் கோடுகள் சொல்வது பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைத்தான். தரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று, அட்டையில் அச்சிட்ட மணங்களை அப்படியே ஒப்பிப்பது. சாப்பிட்டே பார்க்காத சீமைப் பழங்களின் பெயரைச் சொல்லி என்ன பயன்? சோவின்யோன் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயினில் கொய்யாவோ பச்சைக் குடைமிளகாயோ தெரிந்தால் அதையே சொல்லுங்கள். ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயினில் மிளகு வாசம் வருகிறது என்று ஊற்றுபவர் சொல்வது வெறும் அலங்காரம் அன்று. மிளகுக்கு அந்த வாசத்தைத் தரும் ரோட்டண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது தெரியவே இல்லை. ஆகவே மேசையில் எல்லோரும் ‘ஆமாம், மிளகு’ என்னும்போது உங்களுக்கு ஒன்றும் வரவில்லையென்றால், வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

நம் ஊர்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு வெப்பநிலையில்தான். ‘சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும்’ என்பது குளிர்நாட்டுக்காரர்கள் வகுத்த விதி. அவர்கள் மனதில் இருந்த அறை 16, 18 டிகிரி. சென்னையிலோ மும்பையிலோ 32 டிகிரி அறையில் வைத்த சிவப்பு ஒயினில் பழ மணம் அமுங்கி, ஆல்கஹாலின் காரம்தான் மூக்கில் ஏறும். குடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு பாட்டிலைத் தயங்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெள்ளை ஒயினுக்கு இதன் நேர்மாறான தவறு நடக்கிறது. ஐஸ் போலக் குளிர்ந்த ஒயினில் மணமே எழாது. 8 முதல் 12 டிகிரி போதும். அதைவிடக் குளிர்ந்து வந்தால், அப்போது மட்டும் கோப்பையின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்திச் சில நிமிடம் காத்திருங்கள்.

சிவப்பு ஒயினைக் குடித்துவிட்டு ‘கசக்கிறது’ என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் சொல்ல வருவது துவர்ப்பை. விழுங்கியபின் நாக்கை ஈறில் தேய்த்துப் பாருங்கள். பிஞ்சு வாழைக்காயைக் கடித்ததுபோல் உலர்ந்து பிடித்தால் அது திராட்சைத் தோலும் விதையும் தந்த டானின். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணி வளர்ந்த நமக்கு இதைப் பிரித்தறிவது கஷ்டமில்லை. அதே டானினோடு காரமான மிளகாய் பஜ்ஜியைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டு வாய் எரியும். இடையே கடிக்க வெறும் ரொட்டியும், கொப்பளிக்கத் தண்ணீரும் போதும்.

துப்புவதற்கு மேசையில் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்ற கணக்குதான். ஆனால் 12, 13 சதவீத ஆல்கஹாலை ஆறு முறை விழுங்கியபின் கடைசி ஒயினைப் பற்றி நீங்கள் சொல்லும் கருத்துக்கு மதிப்பில்லை. தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் துப்புகிறவர்களே. வண்டி ஓட்டப் போகிறவர் விழுங்கவே கூடாது.

கடைசியாக, பாட்டில் வாங்கும் இடம். திருகு மூடி என்றால் மட்டம், தக்கை என்றால் உயர்வு என்று நினைக்க வேண்டாம். ஈரமான அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும் கெட்ட பாட்டில்களில் பலவற்றைக் கெடுத்தது தக்கையே. பழசாகட்டும் என்று அலமாரியில் பூட்டிவைப்பதும் வீண், ஏனென்றால் கடையில் கிடைக்கும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடிக்கவென்றே செய்யப்பட்டவை. வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும், கழுத்தோரம் கசியும். அப்படித் தக்கை துருத்திக்கொண்டிருக்கும் பாட்டிலைக் கடையில் கண்டாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.