மனநோயுள்ள பெற்றோரின் பிள்ளைகள்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்றவை வரும் ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது), தீவிர மனச்சோர்வு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோருடைய கவனமும் நோயாளி பக்கம் திரும்பிவிடும். மாத்திரை போட்டாரா, தூங்கினாரா, அடுத்து எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதிலேயே நாள் ஓடும். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, மார்க் வாங்குகிறது, எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. அதனால் நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு நண்பர்கள் யார், யார் வீட்டுக்காவது விளையாடப் போகிறதா, இதன் வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். பல வீடுகளில் பாதிப்பு முதலில் தலைகாட்டுவது இங்கேதான். நோயை நம்மால் உடனே மாற்ற முடியாது. நோயைச் சுற்றி நாம் நடந்துகொள்ளும் விதத்தை இன்றே மாற்றலாம். பிள்ளை மற்றவர்களோடு பழகி வளர்வதற்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்" என்று மறைப்பது

மூன்று நாளாக அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. அதற்கு முந்தின நாள் தான் பாலைக் கொட்டியதும் அம்மா கத்தியதும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். அந்த வயதில் நடப்பதற்கெல்லாம் காரணம் தானே என்று நினைப்பது இயல்பு. யாரும் எதுவும் சொல்லாத வீட்டில் அந்த முடிச்சு அவிழாமலே இருந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அப்பா யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசுகிறார். பிள்ளை கேட்டால், "ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்கிறோம். கண்ணால் பார்த்ததையே நம்பலாமா கூடாதா என்ற குழப்பம் அங்கே தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதுதான் பழக்கவழக்கத்துக்கெல்லாம் அடிப்படை. தான் ஊகித்தது சரிதான் என்று சொல்ல ஆளில்லாத பிள்ளை, வெளியிலும் மனிதர்களைக் கணிக்கத் தயங்கும்.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. இது ஒரு நோய், உன்னால் வரவில்லை, இதைச் சரிசெய்வது உன் வேலை இல்லை, உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்கு, "அம்மாவுக்கு ஒரு நோய், அதான் எழுந்திருக்க முடியல. நீ பால் கொட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ராத்திரி பாட்டி உன்கூடப் படுத்துப்பாங்க" என்பது போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நோயின் பெயரையே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் போனில் தேடிப் பார்த்து, இருப்பதிலேயே பயங்கரமானதை நம்பிக்கொள்ளும். "அப்பா சொல்ற அந்த ஆளுங்க யாரும் நிஜத்துல இல்ல. ஆனா அப்பாவுக்கு வர்ற பயம் நிஜம்" என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் பிள்ளைக்குத் தன் கண்மீதும் நம்பிக்கை வரும், அப்பாமீதும் பரிவு வரும்.

"வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது"

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்று நினைக்கிறேன். ஏழெட்டு வயதுவரை நட்பு என்றால் சேர்ந்து விளையாடுவது. ஒன்பது, பத்து வயதுக்கு மேல் நட்பு என்றால் ரகசியம் பகிர்வது, கவலையைச் சொல்வது, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவது. சரியாக அந்த வயதில் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறோம்.

என்ன ஆகும் என்று பாருங்கள். தோழி வீட்டில் பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் தானும் ஒருநாள் அவளைக் கூப்பிட வேண்டிவரும். அதனால் வயிற்றுவலி என்று ஒரு பொய். அடுத்த முறை வேறொரு பொய். மூன்றாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை. பெருமை பிடித்தவள் என்று வகுப்பில் பெயர் வாங்கிக்கொள்கிறாள். "கூச்ச சுபாவம்" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

பிள்ளைக்குத் தேவை, கூசாமல் சொல்லக்கூடிய ஓர் உண்மையான வாக்கியம்: "எங்க அம்மாவுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்காங்க." இதைச் சொல்லிப் பழக்குங்கள். முழுவதையும் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு நெருங்கிய நண்பர்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நண்பர்களை வீட்டுக்கு வரச்சொல்ல முடியாத நாட்களில் உறவினர் வீட்டிலோ மைதானத்திலோ சந்திக்க ஏற்பாடு செய்யலாம். வகுப்பு ஆசிரியருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். "பைத்தியம் பெத்த பிள்ளை" என்று யாராவது சீண்டினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் தனியாக நின்று பதில் யோசிக்கும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

"எவ்வளவு பொறுப்பான பிள்ளை!"

பத்து வயதுச் சிறுமி தம்பிக்குச் சோறு ஊட்டுகிறாள், அம்மாவின் மாத்திரையை எண்ணி எடுத்துவைக்கிறாள். பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவின் குரலை வைத்து அன்று எப்படிப்பட்ட நாள் என்று கணித்துவிடுகிறாள். உறவினர்கள் மெச்சுகிறார்கள். மெச்ச மெச்ச அவளால் அந்த இடத்தைவிட்டு இறங்க முடியாமல் போகிறது.

வீட்டுவேலை செய்வதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. பாத்திரம் கழுவுவது ஒரு வேலை, கழுவியதும் முடிந்துவிடும். அம்மா இன்று தன்னை ஏதாவது செய்துகொள்வாளோ என்று காவல் இருப்பது முடியாத வேலை. விளையாட்டு மைதானத்திலும் அது பிள்ளையை விடாது. இப்படி வளரும் பிள்ளைகள் சம வயதினரோடு சமமாக நிற்கத் திணறுவார்கள். ஒன்று, எல்லோரையும் அதட்டி நடத்துவார்கள். அல்லது எல்லோருடைய கஷ்டத்தையும் தாங்கள் சுமப்பார்கள். ஆட்டத்தில் தோற்பது, சண்டை போடுவது, மறுநாள் தானாகச் சேர்ந்துகொள்வது, இதற்கெல்லாம் கவலையில்லாத நேரம் வேண்டும்.

மாத்திரைப் பொறுப்பையும் இரவுக் காவலையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். அது விரும்பிச் செய்யும் சின்ன வேலை ஒன்றிரண்டு இருக்கட்டும்.

"அப்பனைப் போலத்தானே வரும்"

ஆபத்து கூடுதல் என்பது உண்மை. எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரலாம் என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரலாம். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், தீவிர மனச்சோர்வு மூன்றையும் சேர்த்து, பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, இத்தகைய பெற்றோரின் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு வளர்ந்தபின் ஏதாவதொரு தீவிர மனநோய் வந்திருக்கிறது. மூன்றில் இருவருக்கு வரவில்லை.

பின்லாந்தில் மனநல மருத்துவர் பெக்கா டியெனாரி குழுவினர், மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பேச்சும் பிணைப்பும் சீர்கெட்ட வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் அதிகம் தெரிந்தது. சுமுகமான வீடுகளில் வளர்ந்தவர்களிடம் மிகக் குறைவு. வளரும் வீட்டுக்கு அவ்வளவு வலிமை உண்டு. தடுப்பு முயற்சிகளும் வீணாவதில்லை. பெற்றோரின் மனநோயை மனதில் வைத்துக் குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட உதவிகளைப் பற்றிய 13 சோதனைகளை 2012இல் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளுக்கு நோய் வரும் ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "எல்லாம் வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டுவிடுவது. டென்மார்க்கில் 522 ஏழு வயதுப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களின் பிள்ளைகள் ஒரு குழுவாக மொழியைப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களோடு இணங்கிப் பழகுவதிலும் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் அப்படி என்று அர்த்தமில்லை. உங்கள் பிள்ளைக்குக் கேலி புரியவில்லை, தன் முறைக்காகக் காத்திருக்க முடியவில்லை, கதை சொன்னால் பாதியில் தொலைந்துபோகிறது என்றால், பேச்சு, மொழிச் சிகிச்சையாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) சீக்கிரம் காட்டுங்கள். அது பயிற்சியால் முன்னேறக்கூடிய விஷயம். "நோயின் அறிகுறி" என்று முத்திரை குத்தி மூலையில் உட்காரவைத்தால், பிள்ளைக்கு மிக அவசியமான பழகும் வாய்ப்பையே பறித்துவிடுவோம்.

நோயுள்ள பெற்றோரை வெறுக்கப் பழக்குவது

கோபத்தில் நடக்கிறது, புரிகிறது. ஆனால் பாதி உடம்பு அந்த ஆளிடமிருந்து வந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். அவரைத் திட்டும்போது தன்னையும் திட்டுவதாகவே அதன் காதில் விழும். வெறுக்கப் பழக்குவதைவிட, விலகிய உறவு மறுபடி சேர வழி விடுவதே நல்லது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த சோதனையில் தாய் ஓரிரு நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் மறுபடி சிரித்ததும் இருவரும் மெல்லச் சேர்ந்துகொள்வார்கள். தடை வருவது எல்லா வீட்டிலும் உண்டு, சேர்ந்துகொள்வதற்கு வழி இருக்க வேண்டும். தாய்க்கு அது முடியாத காலத்தில் இன்னொருவரின் முகம் தினமும் குழந்தைக்குக் கிடைக்கட்டும். சிகிச்சையையும் தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்விலிருந்து தாய் மீண்டபோது பிள்ளைகளின் மனநலமும் தேறியதை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது.

டாக்டரிடம் பிள்ளையைப் பற்றிப் பேசாமல் வருவது

நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்து அவர்களின் தேவையையும் கவனிப்பது மருத்துவ ஊழியர்களின் சட்டக் கடமை. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் குடும்பம்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

நோய் தணிந்திருக்கும் நாட்களில், நோயாளியையும் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதுங்கள். நிலைமை மோசமானால் பிள்ளை யாருக்கு போன் செய்யும், எங்கே படுக்கும், பள்ளிக்கு யார் கூட்டிப்போவார்கள். அடிப்பேன், கொல்வேன் என்ற பேச்சோ, தீங்கு செய்யச் சொல்லும் குரல் கேட்பதோ இருந்தால் யோசிக்காமல் உடனே பிள்ளையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். பெற்றோர் தன் வாயாலேயே பிள்ளையிடம் இதைச் சொல்லட்டும்: "எனக்கு நோய் அதிகமாகும்போது நான் போகாதேன்னு சொன்னாலும் நீ சித்தி வீட்டுக்குப் போகலாம். நான் கோபிச்சுக்க மாட்டேன்." அந்த அனுமதி இல்லாமல் பல பிள்ளைகள் வாசலைத் தாண்டுவதில்லை. தாளின் ஒரு நகல் பள்ளியில் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய ஒவ்வொரு முறையும், போன் நம்பர்கள் உட்பட எல்லாவற்றையும் பிள்ளையோடு சேர்ந்து சரிபார்த்துவிடுங்கள்.